நூல் யார் கையில்?

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தை முழுமையாகப் பார்க்காதவர்கள்கூட அதன் பாடல்களில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். 1965ஆம் ஆண்டில் வெளிவந்து, சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் அது. தாத்தா பாட்டி காலத்தில் திரையரங்கில் ஓடியது. பிறகு தொலைக்காட்சியிலும் பல முறை வந்தது. தமிழ் ரசிகர்களுக்கும் அந்தக் கதை புதியதன்று. ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்து 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ அதன் சாயலில் எடுக்கப்பட்ட படம்தான்.

அந்த ஆங்கிலப் படத்தில் பிடித்த காட்சி எது என்று கேட்டால், மலையுச்சியில் கதாநாயகி பாடும் காட்சியைப் பலர் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு சுரம் சொல்லிக் கொடுக்கும் பாடலைச் சிலர் சொல்வார்கள். பொம்மலாட்டக் காட்சியைச் சொல்பவர்கள் குறைவு. ஆட்டிடையன் ஒருவனைப் பற்றிய ‘தி லோன்லி கோட்ஹெர்ட்’ என்ற பாடல் அந்தக் காட்சியில் வருகிறது. ‘இது சிறுபிள்ளைகளுக்கு’ என்று சொல்லி, பெரியவர்கள் தேநீர் கலக்க எழுந்து போவதும் அந்த நேரத்தில்தான். எழுந்து போகிறவர்கள், மிகத் தேர்ந்த ஒரு கலையை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பை இழக்கிறார்கள் என்பதே உண்மை.

காட்சி எங்கே வருகிறது?

கதையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. மனைவியை இழந்த கடற்படைக் கேப்டன் ஒருவர். அவருக்கு ஏழு பிள்ளைகள். வீட்டை அவர் கப்பல்போல் நடத்துகிறார். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட ஒரு விசில் ஒலி. விசில் ஊதினால் படியிறங்கி வரிசையில் நிற்க வேண்டும். மறுபடியும் ஊதினால் திரும்பிப் போக வேண்டும். பாட்டும் விளையாட்டும் அந்த வீட்டில் இல்லை. கன்னிமடத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மரியா, பாட்டை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டு வருகிறார்.

கேப்டனுக்கும் மரியாவுக்கும் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. அதே சமயத்தில் உள்ளே பிள்ளைகள் பாடுவது தந்தையின் காதில் விழுகிறது. அவர் மனம் இளகுகிறது. அதை அடுத்துத்தான் பொம்மலாட்டம் வருகிறது. மேடைக்கு மேலே நின்று மரியாவும் பிள்ளைகளும் பொம்மைகளை ஆட்டுகிறார்கள். கேப்டனும், அவர் மணக்க நினைத்திருக்கும் சீமாட்டியும், குடும்ப நண்பர் மேக்ஸும் எதிரே நாற்காலிகளில் அமர்ந்து பார்க்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் விசில் ஒலிக்கு ஏற்ப கால் எடுத்து வைத்த அந்தப் பிள்ளைகளே பொம்மைகளைப்போல்தான் இருந்தார்கள். யாரோ நூலை இழுக்க, அவர்கள் நடந்தார்கள். இப்போது நூல் அவர்கள் கையில் இருக்கிறது. ஆட்டி வைத்த தந்தை, பார்வையாளராக உட்கார்ந்து கை தட்டுகிறார். ஒரு வசனமும் இல்லாமல் அந்த வீட்டின் மாற்றத்தை இந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. இது முடிந்த சிறிது நேரத்தில், பாட்டையே விலக்கி வைத்திருந்த தந்தை கிட்டார் எடுத்துப் பாடுகிறார்.

இந்தப் பொம்மலாட்டம் மூல நாடகத்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1959இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் அரங்கேறிய இசை நாடகத்தில், இடியும் மின்னலுமான இரவில் பயந்த பிள்ளைகளைத் தேற்ற மரியா பாடுவது இந்த ஆட்டிடையன் பாட்டு. படமாக எடுத்தபோது அந்த இடத்துக்கு வேறொரு பாடலைக் கொண்டு வந்துவிட்டு, இந்தப் பாடலைப் பொம்மலாட்டத்துக்கு மாற்றினார்கள். சொற்களில் மட்டும் இருந்த இடையனும், அவன் குரலைக் கேட்கும் பெண்ணும், அவளுடைய தாயும், கோட்டை இளவரசனும், பீர் குடிப்பவர்களும் இதனால் மரத்தாலும் துணியாலும் உருவம் பெற்றார்கள்.

ஆட்டியவர்கள் யார்?

திரையில் பார்ப்பவருக்கு, ஜூலி ஆண்ட்ரூஸும் பிள்ளைகளும் ஆட்டுவதாகவே தோன்றும். கதைப்படி அதுதான் தோன்ற வேண்டும். ஆனால் அந்தப் பொம்மைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர்களான பில் பேர்டும் அவர் மனைவி கோரா பேர்டும். படத்தின் பெயர்ப் பட்டியலில் இவர்கள் பெயர் உண்டு. பெயர்ப் பட்டியலை யார் நின்று படிக்கிறார்கள்?

பில் பேர்ட் 1904இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தந்தை செய்து கொடுத்த ஒரு பொம்மையில் தொடங்கிய ஆசை, வாழ்நாள் தொழிலாக ஆனது. டோனி சார்க் என்ற புகழ்பெற்ற பொம்மலாட்டக் கலைஞரிடம் வேலை பார்த்துத் தொழில் கற்றார். பிறகு சொந்தக் குழு அமைத்தார். கோராவை மணந்த பின், இருவருமாகச் சேர்ந்து மேடையிலும் தொலைக்காட்சியிலும் ஏராளமான நிகழ்ச்சிகளைப் படைத்தார்கள். 1962இல் இந்தியா, நேப்பாளம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளுக்கும் சென்று நிகழ்ச்சி நடத்தினார்கள். படம் வெளிவந்த அதே 1965இல், உலகப் பொம்மலாட்ட மரபுகளைப் பற்றிப் பில் பேர்ட் எழுதிய பெரிய நூலும் வெளிவந்தது. கோரா 1967இலும் பில் 1987இலும் காலமானார்கள். பில் வளர்ந்த ஊரான அயோவா மாநிலத்து மேசன் சிட்டியில் உள்ள மெக்நைடர் கலைக்கூடத்தில் அவர்களுடைய பொம்மைகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

ஆக, திரையில் சில நிமிடங்கள் துள்ளும் அந்த ஆடுகளுக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. பாராட்டு முழுவதும் மேடைக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. பொம்மலாட்டக்காரருக்கு இது புதிதன்று. தன்னை மறக்கச் செய்வதுதான் அவருடைய தொழில். பார்ப்பவர் பொம்மையை மட்டும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அவர் வென்றுவிட்டார் என்று பொருள்.

ஒரு பொம்மைக்கு எத்தனை நூல்?

மேலிருந்து நூலால் ஆட்டப்படும் பொம்மையை மேலைநாட்டார் ‘மேரியோனெட்’ என்பார்கள். மனித உருவம் கொண்ட சாதாரணப் பொம்மைக்கு ஒன்பது நூல் என்பது பழகிவந்த ஒரு கணக்கு. தலைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு, முழங்கால்களுக்கு இரண்டு. நூல்கள் அனைத்தும் ஒரு மரச்சட்டத்தில் போய் முடியும். அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துச் சாய்த்தும் திருப்பியும், தேவையான நூலை விரலால் மீட்டியும் பொம்மையை ஆட்டுவார்கள்.

உடலின் எடையைத் தாங்குவது தோள் நூல். முதுகு நூல் பிடித்திருக்கும்போது சட்டத்தை முன்னால் சாய்த்தால் பொம்மை குனிந்து வணங்கும். தலை நூலில் ஒன்றைச் சற்றுத் தளர்த்தினால் தலை ஒரு பக்கம் சாயும். முழங்கால் நூல்களை மாறி மாறித் தூக்கினால் நடக்கும். படிக்கும்போது எளிதாகத் தெரிகிறது. கையில் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் நூலெல்லாம் சிக்கிக்கொள்ளும்.

இந்தக் காட்சியில் வரும் ஆடுகள் இன்னும் கடினமானவை. நான்கு கால் பிராணிக்கு முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக எழுந்து இறங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால், பெட்டியைத் தூக்கி வைத்தது போல் இருக்கும். முன்னங்கால் எழுந்து, உடல் அதைத் தொடர்ந்து, பின்னங்கால் வந்து சேர்ந்தால்தான் அது ஆட்டின் துள்ளல்.

ஜோடியாக ஆடும் நடனம் மற்றொரு சோதனை. இரண்டு பொம்மைகள் ஒன்றையொன்று சுற்றினால், மேலே இரண்டு பொம்மைகளின் நூல்களும் முறுக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, ஆட்டுபவர்களும் மேலே அதே சுற்றைச் சுற்ற வேண்டும், அல்லது சட்டங்களைக் கை மாற்றிக்கொள்ள வேண்டும். கீழே ஒரு நடனம் என்றால், பார்ப்பவர் கண்ணில் படாமல் மேலேயும் ஒரு நடனம் நடந்தாக வேண்டும்.

உயிர் வந்தது போல் தெரிவது எப்படி?

மரப்பாவை நூலால் ஆடி உயிருள்ளது போல் மயக்குவதைத் திருவள்ளுவரே கவனித்திருக்கிறார். நாணம் இல்லாதவர்களின் நடமாட்டத்துக்கு அதை உவமை காட்டுகிறார் 1020ஆம் குறளில். அவர் சொல்ல வந்தது வேறு. ஆனாலும், பாவை தானாக இயங்குவது போல் கண்ணை ஏமாற்றும் என்பது அந்தக் காலத்திலேயே எல்லாருக்கும் தெரிந்த செய்தி என்பது அதிலிருந்து விளங்குகிறது. அந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, எடை. மனிதன் நடக்கும்போது பூமி அவனை இழுக்கிறது. பொம்மையை நூல் மேலே இழுக்கிறது. அதனால் கவனக்குறைவாக ஆட்டப்படும் பொம்மையின் பாதம் தரையைத் தொடாமல் மிதக்கும். அந்த நொடியே மயக்கம் கலைந்துவிடும். தேர்ந்த கலைஞர் பாதம் தரையில் படும்படி, முழங்கால் எடையைத் தாங்குவது போல் மடியும்படி ஆட்டுவார்.

இரண்டாவது, பார்வை. பொம்மையின் கண் மரத்தில் தீட்டிய வண்ணம்தான். ஆனால் பேசுபவர் பக்கம் தலை திரும்பினால், அது கேட்கிறது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். இடையன் பாட, அந்தப் பெண் பொம்மை தலையைத் திருப்பினால் போதும், காதல் தொடங்கிவிட்டது என்று சிறுபிள்ளைக்கும் புரிகிறது. இத்தனைக்கும், மேலே நின்று ஆட்டுபவருக்குப் பொம்மையின் முகம் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது அதன் உச்சந்தலை மட்டுமே.

மூன்றாவது, சும்மா இருப்பது. புதிதாகக் கற்பவர்கள் பொம்மையை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அசைந்தால்தான் உயிர் இருப்பதாகத் தெரியும் என்ற எண்ணம். உண்மை அதற்கு எதிரானது. ஒரு பொம்மை ஆடும்போது மற்றது அடங்கி நின்றால்தான், யாரைப் பார்ப்பது என்று பார்வையாளருக்குத் தெரியும். நின்று, பிறகு அசையும் பொம்மைதான் யோசித்துச் செயல்படுவது போல் தோன்றும்.

நான்காவது, தாளம். இந்தப் பாடலின் உயிர்நாடி ‘யோடல்’ என்னும் பாடும் முறை. மார்பிலிருந்து எழும் குரல், சட்டென்று தலைக்குரலுக்குத் தாவி, மறுபடியும் இறங்கும். ஆல்ப்ஸ் மலைகளில் மேய்ப்பர்கள் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடப் பயன்படுத்திய முறை அது. குரலே துள்ளும்போது பொம்மையும் துள்ள வேண்டும். நூலின் நுனியில் தொங்கும் பொம்மையோ, கடிகாரத்தின் ஊசல் போன்றது. கை அசைந்த பிறகுதான் அது அசையும். கை நின்ற பிறகும் சற்று ஆடும். ஆகவே தாளத்தில் கை அசைத்தால் பொம்மை பிந்திவிடும். தாளம் விழுவதற்கு ஒரு கணம் முன்பே கை புறப்பட வேண்டும். படத்தின் பாடல்கள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, படப்பிடிப்பில் ஒலிக்கவிடப்பட்டவை. பதிவான பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. பொம்மைதான் அதோடு போய்ச் சேர வேண்டும்.

காமிராவின் பங்கு

மேடையில் பொம்மலாட்டம் பார்ப்பவர் தூரத்தில் இருக்கிறார். சிறு பிழைகள் தெரியாது. சினிமா அப்படியன்று. இந்தப் படம் ‘டாட்-ஏஓ’ என்னும் அகன்ற திரை முறையில் எடுக்கப்பட்டது. சிறிய பொம்மையின் முகம் திரையரங்கில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தெரியும். பாதம் மிதந்தாலும், கை தாமதித்தாலும் மறைக்க முடியாது. கணினியால் பிற்பாடு சரிசெய்யும் வசதி அன்று இல்லை. திரையில் தெரிவது அத்தனையும் படப்பிடிப்புத் தளத்தில் மனிதக் கை செய்தது.

இயக்குநர் ராபர்ட் வைஸ் முன்பு படத்தொகுப்பாளராக இருந்தவர். கீழே ஆடும் பொம்மைகளையும் மேலே இருக்கும் மரியா, பிள்ளைகளின் முகங்களையும் மாறி மாறிக் காட்டும்போது, இரண்டையும் பார்ப்பவரின் மனமே இணைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் நூலைப் பிடித்திருக்கிறார்கள், பொம்மை ஆடுகிறது, ஆகவே அவர்கள்தான் ஆட்டுகிறார்கள். சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்காரையும் இந்தப் படம் வென்றது.

ஏமாற்று வேலையா இது? அப்படிச் சொல்வதற்கில்லை. படம் நூலை ஒளிக்கவில்லை. மேலே நடக்கும் ஓட்டத்தையும் பரபரப்பையும் காட்டுகிறது. நூல் தெரிந்தும் பொம்மையை நம்புகிறோம் என்பதுதான் இந்தக் கலையின் பெருமை.

கிளந்தானும் கும்பகோணமும்

இந்த வட்டாரத்து வாசகருக்குப் பொம்மலாட்டம் என்றதும் கிளந்தானின் வாயாங் கூலிட் நினைவுக்கு வரலாம். அதில் தோலில் வெட்டிய உருவங்கள் குச்சியால் அசைக்கப்படுகின்றன. பார்ப்பவருக்குத் தெரிவது திரையில் விழும் நிழல். தோக் டாலாங் என்னும் ஒருவரே அத்தனை உருவங்களையும் ஆட்டி, அத்தனைக் குரல்களிலும் பேசுகிறார்.

தமிழகத்தில் கும்பகோணம் வட்டாரத்தில் வழங்கும் பொம்மலாட்டம் வேறு வகை. மரப்பாவைகள் நான்கரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டு, ஆட்டுபவர் அதைத் தலையில் கிரீடம்போல் அணிந்துகொள்வார். பாவையின் கைகளைக் கம்பிகள் கொண்டு இயக்குவார். அவர் தலையசைத்தால் பாவை அசையும். எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். மேரியோனெட்டில் விரல் செய்யும் வேலையை இங்கே உடம்பே செய்கிறது.

முறைகள் மூன்று. ஆனால் மூன்றிலும் தேவைப்படும் பொறுமை ஒன்றுதான். மூன்றிலும் ஆட்டுபவர் தன்னை மறைத்துக்கொண்டுதான் பொம்மைக்கு இடம் கொடுக்கிறார்.

சால்ஸ்பர்க்கின் மரபு

கதை நடக்கும் சால்ஸ்பர்க் நகரத்துக்கும் பொம்மலாட்டத்துக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. சிற்பியான அன்டன் ஐக்கர் 1913இல் அங்கே ஒரு மேரியோனெட் அரங்கைத் தொடங்கினார். மோட்சார்ட் பிறந்த ஊர் ஆகையால், அவருடைய இசை நாடகங்கள் அங்கே பொம்மைகளால் நடிக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றன. அந்த அரங்கின் ஆட்ட முறை 2016இல் ஆஸ்திரியாவின் மரபுக் கலைச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதே அரங்கு 2007இல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ கதை முழுவதையும் பொம்மைகளைக் கொண்டே மேடையேற்றியது. படத்தில் சில நிமிடம் வந்து போன பொம்மலாட்டம், கதையையே தனக்குள் எடுத்துக்கொண்டது.

அடுத்த முறை பார்க்கும்போது

இந்தக் காட்சியை மறுபடியும் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், முதல் முறை பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆடுகளின் கால்கள் தரையைத் தொடுகின்றனவா என்று கவனியுங்கள். ஒரு பொம்மை ஆடும்போது மற்றவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். அதுவரை பாட்டு மறைத்து வைத்திருந்த உழைப்பு அப்போது தெரியும்.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால், ஒரு கைக்குட்டையின் நடுவில் முடிச்சுப் போட்டு, மூன்று நூல் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். முதலில் வெடுக்கென்று இழுப்பார்கள். பொம்மை குதிக்கும், நடக்காது. மெல்ல மெல்ல, நூலைத் தளர்த்திக் காத்திருந்தால்தான் பொம்மை தன் எடையில் தானே அசையும் என்பதைக் கண்டுகொள்வார்கள்.

பொம்மலாட்டம் என்றால் ஆட்டி வைப்பது என்றுதான் பேச்சுவழக்கில் பொருள் கொள்கிறோம். ‘அவன் கையில் நான் பொம்மையா?’ என்று கோபமாகக் கேட்பதும் உண்டு. இந்தத் தொழிலில் தேர்ந்தவர்களைப் பார்த்தால் அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. பொம்மையின் எடையையும் போக்கையும் அறிந்து, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவரிடம்தான் அது உயிர் பெறுகிறது. படத்தின் கேப்டன் விசிலால் செய்ய முடியாமல் போனதும் அதுதான். பிள்ளைகள் கையில் நூலைக் கொடுத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், ஏழு பிள்ளைகளும் எப்படிப்பட்டவர்கள் என்பது அவருக்கே தெரிந்தது.